யாருன்னு கேக்காத வீடு

ரொட்டி ஃபேக்டரியில அவருக்கு ‘சைரன்’னு பேரு. பெத்தவங்க வெச்ச பேரு அடையாள அட்டையில மட்டும்தான் இருக்கு. ஹால் நிறைய மெஷின் ஓடுறப்பவும் இந்தக் கோடியில அவர் கூப்பிட்டா அந்தக் கோடியில இருக்கறவன் திரும்பிப் பார்ப்பான். ரொட்டி வெட்டுற மெஷின் அவர் பொறுப்பு. காலை ஆறு மணிக்கு நின்னார்னா மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் நகருவார். பதினெட்டு வருஷத்துல ஒரு ரொட்டி கூட கோணலா வெட்டுப்பட்டு வெளிய போனதில்லைன்னு அவரே சொல்லிக்குவார். கூட இருக்கறவங்க சிரிப்பாங்க, ஆனா மறுக்க மாட்டாங்க.

அந்தத் தொண்டை ஃபேக்டரிக்குச் சரி. வீட்டுக்கு வர்றப்ப அதையும் கூடவே கூட்டிட்டு வந்துடுவார், அதுதான் வம்பு.

வீட்ல நாலு பேர். சம்சாரம் ஸ்கூல் வேன் ஓட்டுறவங்க. இருபத்திரெண்டு வாலுங்களை ஒரு முறைப்புல உக்கார வெச்சிடுவாங்க. பெரியவளுக்குப் பதினஞ்சு, சின்னவனுக்குப் பதிமூணு. ஒரு கேள்வி கேட்டா அரை பதில் சொல்ற வயசு.

டம்ளர் உடைஞ்சாலும் சரி, குழாய் ஒழுகினாலும் சரி, சைரன் வாயில வர்ற முதல் வார்த்தை “யாரு?” பதில் கிடைக்கற வரைக்கும் ரூம் ரூமாப் போய்க் கேப்பார். பதில் கிடைச்சாலோ இன்னும் மோசம். பெரியவ போன வருஷம் கண்ணாடியைக் கீழ போட்டு உடைச்சா. தூரத்துல இருக்கற எழுத்து தெரியறதுக்காக வகுப்புல மட்டும் போடுற கண்ணாடி அது. புதுசு வாங்கிக் கொடுத்துட்டு மூணு நாள் கத்தினார். அதுக்கப்புறம் அந்த வீட்ல எதுவுமே உடையலை. அதாவது, உடைஞ்சது எதுவும் வெளிய வரலை. கைப்பிடி போன கப்பு அலமாரிக்குப் பின்னாலயும், கிழிஞ்ச பாடப்புத்தகம் மெத்தைக்கு அடியிலயும் குடித்தனம் நடத்திச்சு.

இந்த வருஷம் பாதியில பெரியவளோட டீச்சர் கூப்பிட்டு அனுப்பினாங்க. நல்லாப் படிச்சிட்டிருந்த பொண்ணு, இப்ப கணக்குல பாஸ் மார்க்கே எடுக்கலை, எப்பப் பார்த்தாலும் பக்கத்துப் பொண்ணு நோட்டை எட்டி எட்டிப் பார்க்கறா, கடைசிப் பரீட்சையிலயும் இப்படித்தான்னா இதே வகுப்புல இன்னொரு வருஷம் உக்கார வேண்டியதுதான்னு சொல்லிட்டாங்க. சைரன் ஸ்கூல் வாசல் தாண்டறதுக்குள்ளயே தீர்ப்பு எழுதிட்டார்: எல்லாம் செல்போனால வந்தது. போனைப் பிடுங்கி அலமாரியில வெச்சுப் பூட்டினார். அவர் பேசினது தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு.

அன்னைக்கு வாயை மூடினவதான் அந்தப் பொண்ணு. சாப்பிடறியான்னா ஒரு தலையாட்டல், படிச்சியான்னா இன்னொண்ணு. கடைக்குப் போற அப்பாவை ரோட்ல பார்த்தா எதிர்ப் பக்கமா நடந்து போயிடுவா. ரெண்டு மாசம் இப்படியே ஓடிச்சு. கத்தறதுக்கு எதிராளி இல்லாம சைரனுக்குச் சோறே இறங்கலை. ஒருநாள் சம்சாரத்துகிட்ட, இவ மனசுல என்னதான் இருக்குன்னு நீயாவது கேட்டுச் சொல்லேன்னார்.

“எங்கிட்ட சொன்னா உங்ககிட்ட வந்துடும்னு பயப்படறாங்க. அதனால எங்கிட்டயும் சொல்றதில்லை. உங்க புண்ணியத்துல எனக்கும் சேர்த்துப் பூட்டு.”

அந்த வாரம்தான் ஃபேக்டரியில அது நடந்துச்சு. புதுசா வந்த சூப்பர்வைசரம்மா வயசுல சின்னவங்க. ஷிஃப்ட் மாறும்போது போறவங்க வர்றவங்ககிட்ட மூணே விஷயம் சொல்லணும்னு வெச்சிருந்தாங்க: என்ன ஆச்சு, எங்க ஆச்சு, இப்ப என்ன பண்ணணும். யாருன்னு மட்டும் யாரும் கேக்கக் கூடாது. ஆள் தெரியணும்னு அலைஞ்சா ஆளும் கிடைக்காது, பழுதும் தெரியாம போயிடும், அப்புறம் ஒருத்தன் விரல் போகும்னு விளக்கினாங்க. சைரன் பின்வரிசையில நின்னு நக்கலாச் சிரிச்சவர்.

அந்த வாரம் ஒருநாள், கத்திக்கு மேல இருக்கற மூடியோட திருகை அவரே முரட்டுத்தனமா முறுக்கி, மரையைக் கெடுத்துட்டார். மூடி ஆடுது. பதினெட்டு வருஷப் பெருமை போயிடுமேன்னு பேசாம கையைத் துடைச்சிட்டுக் கிளம்பினார். வாசல் வரைக்கும் போனார். அடுத்த ஷிஃப்ட் ஆளு அந்தக் கத்திகிட்ட கையை நீட்டுவானேன்னு ஞாபகம் வந்துச்சு. திரும்பி வந்து தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுச் சொல்லிட்டார். அந்தம்மா, “சரிண்ணே, ஃபிட்டரைக் கூப்பிடுவோம்”னாங்க. பத்து நிமிஷத்துல வேலை முடிஞ்சது. திட்டு விழும்னு அவர் நின்னுக்கிட்டே இருந்தார். “வீட்டுக்குப் போகலையாண்ணே?”ன்னு கேட்டாங்க.

பஸ்ல ஜன்னலோரமா உக்காந்து வந்தவருக்கு உடம்பு லேசா இருந்துச்சு. கூடவே ஒண்ணு உறைச்சுது. இந்தச் சுகத்தை நம்ம வீட்ல ஒருத்தருக்காவது நாம கொடுத்திருக்கோமா?

அன்னைக்குச் சாயங்காலமே மூணு பேரையும் அடுப்படியில நிக்க வெச்சார். இனிமே தினம் ஏழு மணிக்கு நம்ம வீட்லயும் ஷிஃப்ட் ஒப்படைக்கணும், யாருன்னு கேக்கறவங்க அன்னைக்குப் பாத்திரம் கழுவணும்னு சட்டம் போட்டார். சின்னவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா அப்பாவோட நெத்தியைத் தொட்டுப் பார்த்தாங்க. காய்ச்சல் இல்லை.

முதல் ஆளா அவரே தன்னோட திருகுக் கதையைச் சொன்னார். முதல் வாரத்துல நாலு நாள் அவரேதான் பாத்திரம் கழுவினார். வாய்ப்பழக்கம், லேசுல போகுமா? பையன் வேணும்னே தூண்டில் போடுவான். பாத்ரூம் வாளி காணோம்ப்பான், இவர் “யாரு எடுத்தது?”ன்னு மாட்டுவார். ரெண்டாவது வாரம் அவனே கிழிஞ்ச புத்தகத்தை எடுத்துட்டு வந்து வெச்சான். சைரன் பசையைத் தேடினார். அம்மா, ஒரு மாசம் முன்னாடி வேன் பின்பக்கத்தைக் கம்பத்துல இடிச்சதை ஒத்துக்கிட்டாங்க. பெரியவ மட்டும் கதவுல சாஞ்சு நின்னு, தன் முறை வந்தா “ஒண்ணுமில்லை”ம்பா. ஆனா வந்து நின்னா. அதுவே அவருக்குப் பெரிசு.

மூணாவது வாரம் ஒரு வியாழக்கிழமை, அவ முறை. தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னா.

“போர்டுல எழுதறது தெரியலை. புதுக் கண்ணாடியும் உடைஞ்சு நாலு மாசமாச்சு.”

சின்னவன் அப்பா வாயையே பார்த்தான். சைரனுக்குக் கழுத்து நரம்பு ரெண்டும் எழும்பிச்சு, அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. செம்பை எடுத்து மடமடன்னு தண்ணி குடிச்சார். பாதி சட்டையில கொட்டிக்கிட்டார். நாலு மாசம். போன் மேல பழி போட்டு, பிள்ளையை இருட்டுல உக்கார வெச்சு, வெளிச்சம் எங்கடின்னு கத்தியிருக்கோம்.

“இப்ப என்ன பண்ணணும்மா?”

அவர் குரல் அவ்வளவு மெதுவா வரும்னு அந்த வீட்ல யாருக்கும் தெரியாது. பொண்ணு நிமிர்ந்து பார்த்தா. கண்ணு நிறைஞ்சு போச்சு.

“கண்ணாடி வாங்கணும்ப்பா. அப்புறம்... அஞ்சு பாடம் விட்டுப் போச்சு.”

“கடை எட்டரை வரைக்கும் திறந்திருக்கும், செருப்பைப் போடு”ன்னார். போறதுக்கு முன்னாடி அலமாரியைத் திறந்து போனையும் எடுத்து அவ கையில வெச்சார். மெத்தையில கிடந்த கண்ணாடி மேல தெரியாம உக்காந்து, தானேதான் உடைச்சதா வழியில அவளாவே சொன்னா. அவர் கேக்கலை.

அதுக்கப்புறம் வேன் வேலை முடிஞ்சதும் அம்மா அவளை டீச்சர்கிட்ட கூட்டிட்டுப் போய், விட்டுப்போன பாடத்தைக் கேட்டு வாங்கினாங்க. சாயங்காலம் ஏழு மணிக்கு, இன்னைக்கு எந்தக் கணக்கு புரியலைன்னு அவ சொல்லுவா. சைரன் படிச்சது நாலாங்கிளாஸ். அவருக்குக் கணக்கு வராது. ஆனா புரியாததை அவருக்குப் புரிய வைக்கற மாதிரி சொல்லச் சொல்லுவார். சொல்லிச் சொல்லி அவளுக்கே புரிஞ்சிடும். பத்தாவது தடவையா அவர் மண்டையைச் சொறியும்போது, அவ சிரிப்பை அடக்க முடியாம புத்தகத்தால முகத்தை மூடிக்குவா.

ரிசல்ட் வந்த அன்னைக்கு ரெண்டு மணிக்கு அவர் ஷிஃப்ட் முடிஞ்சு வெளிய வர்றார், ஃபேக்டரி கேட்டுல பொண்ணு நிக்கறா, கண்ணாடி போட்டுக்கிட்டு. கையில பேப்பர். எல்லாப் பாடத்துலயும் பாஸ், கணக்குல எழுபத்தி நாலு. சைரன் அந்தப் பேப்பரை வாட்ச்மேன்கிட்ட காட்டினார், மாவு இறக்கற லாரிக்காரர்கிட்ட காட்டினார், உள்ள திரும்பிப் போய் சூப்பர்வைசரம்மாகிட்ட காட்டினார். அவங்க எழுந்து நின்னு பொண்ணுக்குக் கை கொடுத்தாங்க.

பஸ்ல அப்பா பக்கத்துல உக்காந்தவ பேச ஆரம்பிச்சா. பரீட்சை ஹால்ல ஃபேன் ஓடாதது, பக்கத்துப் பொண்ணு பேனாவைத் தொலைச்சது, அடுத்த வருஷம் எந்தப் பாடம் எடுக்கப் போறா, ஏன் எடுக்கப் போறான்னு எல்லாம். சைரன் ‘உம்’ மட்டும் கொட்டிக்கிட்டு வந்தார். இறங்க வேண்டிய ஸ்டாப் வந்துச்சு. அவ கவனிக்கலை. அவர் கவனிச்சார், சொல்லலை.