தொப்பூரைத் தாண்டாத சீட்டு

போன சனிக்கிழமை ஓசூர் பைபாஸ் ஓரத்து ஷோரூம் ஒன்றில், விலை கேட்பதற்கு முன்பே, மைலேஜ் கேட்பதற்கு முன்பே, நான் செய்த முதல் காரியம் அங்கே நின்ற பெரிய பைக் ஒன்றின் பின்சீட்டில் முழங்காலை ஊன்றி ஓர் அழுத்து அழுத்தியதுதான். அடுத்து சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஓரம் முழுக்கத் தடவினேன். விற்பனைக்கு நின்ற பையன் பதறிப்போய், "அக்கா, ஏதாச்சும் விழுந்துடுச்சா?" என்று தரையில் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டான். பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்? புது ரெக்சின் வாசமும் பசை வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறினால் என் கையும் காலும் என்னைக் கேட்காமலே பழைய வேலைக்குப் போய்விடும்.

பழைய வேலை என்றால் சீட்டு வேலை. கெலமங்கலத்தில் பன்னிரண்டாவது முடித்த கையோடு, ஓசூர் தொழிற்பேட்டையில் மோட்டார் சைக்கிளுக்கு சீட்டு செய்து கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "கால்ல சக்கரத்தக் கட்டிக்கினு திரியறவளுக்கு சீட்டு செய்யற வேலையா? நல்லா இருக்குது போ!" அவள் சிரித்ததில் தப்பில்லை. நான் ஓர் இடத்தில் உட்கார்ந்தால் அந்த இடத்துக்கே பொறுக்காது. இப்போதும் அப்படித்தான், இதை எழுதுவதற்குள் நான்கு தடவை எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன், அடுப்பில் ஒன்றுமே இல்லை.

அங்கேதான் ரோசி கிடைத்தாள். தூத்துக்குடிக்காரி. பஞ்சின் மேல் ரெக்சின் உறையைப் போர்த்தி, சுருக்கம் விழாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். அது அவள் வேலை. அவள் இழுத்துப் பிடித்திருக்கும்போது அடித்தட்டில் ஸ்டேப்ளர் பின் அடிப்பது நான். பிறகு ஏதாவது பின் தூக்கி நிற்கிறதா என்று ஓரம் முழுக்கக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். தூக்கி நின்ற பின் முதலில் என் விரலைத்தான் கிழிக்கும். நான் "ஐயோ" என்பதற்குள் ரோசி, "ரத்தம் ரெக்சின்ல படாம பாத்துக்கட்டி" என்பாள். அவ்வளவு அக்கறை அவளுக்கு! இடுப்பை வளைத்து, முழு உடம்பையும் பின்னால் சாய்த்து இழுப்பாள். பார்த்தால் கிணற்றில் தண்ணீர் சேந்துவது போலிருக்கும். அந்த இழுப்பு அவள் முதுகுக்குள் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

எங்கள் லைனின் கடைசியில் ஓர் இரும்புச் சட்டம் நின்றது. சக்கரமில்லை, இன்ஜினில்லை, ஹேண்டில்பார் மட்டும் உண்டு. செய்து முடித்த சீட்டு சரியாகப் பொருந்துகிறதா என்று அதில் மாட்டிப் பார்ப்பார்கள். டீ நேரத்தில் அது எங்கள் வண்டி. முன்னால் ரோசி, பின்னால் நான். ரோசி வாயாலேயே கிக்கர் உதைத்து, வாயாலேயே கியர் போடுவாள். ஊர்ப்பெயர் சொல்வது என் வேலை. சூளகிரி, கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், தருமபுரி. சுற்றி நிற்கும் பெண்களில் யாராவது கையை நீட்டி, "சேலம் போவுமாக்கா?" என்று வண்டியை நிறுத்துவார்கள். போக வேண்டிய இடம் தூத்துக்குடி, அவள் வீட்டு வாசல். ஆனால் ஒரு நாளும் போய்ச் சேர்ந்ததில்லை. ஏனென்றால் ரோசி ஊருக்கு ஊர் வண்டியை நிறுத்தி டீ குடிப்பாள்.

"நேரா போம்மே. கிருஷ்ணகிரியில எதுக்கு எறங்கற?"

"அவசரம்னா நீ பஸ்ல போட்டி. மே மேன்னு ஆட்டுக்குட்டி மாரி கத்திக்கிட்டு!"

தருமபுரி தாண்டி, தொப்பூர் இறக்கத்தில் இரண்டு பேரும் ஒரே பக்கமாகச் சாய்வோம். லாரிக்கு வழி விடுவோம். சரியாக அந்த வளைவில் சைரன் அடித்துவிடும். சூப்பர்வைசர், கன்னடக்காரர், நல்ல மனிதர்தான், கையைத் தட்டிக்கொண்டே வருவார். "ஏன்ரீ, இது கம்பெனியா, பஸ் ஸ்டாண்டா?" அவ்வளவுதான், தொப்பூர் மலையிலிருந்து குதித்து ஓடுவோம். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று நான் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். ரோசி கேட்க மாட்டாள். புதுப் பயணம் என்றால் ஓசூரிலிருந்துதான் கிளம்ப வேண்டுமாம்.

நிஜ வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் அவள் அண்ணனின் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவாள். காலி மனைகளுக்கு நடுவே மண்பாதையில் என்னை முன்னால் உட்காரவைத்து, பின்னாலிருந்து தலையில் குட்டிக் குட்டிக் கற்றுக்கொடுத்தாள். விழுந்ததெல்லாம் நான், திட்டு வாங்கியதும் நான். என்றைக்காவது பெரிய வண்டி ஒன்று வாங்கி இரண்டு பேரும் தொப்பூரைத் தாண்டுவது என்று முடிவு செய்தோம். அப்புறம் கல்யாணம், ஷிஃப்ட், பிள்ளைகள். ரோசி ஓசூரிலேயே குடித்தனம் ஆனாள். ஊருக்கு ரயிலில் போனாள், பஸ்ஸில் போனாள். நான் கம்பெனி மாறினேன், அவள் அதே உறையை இழுத்துக்கொண்டிருந்தாள், முதுகு ஒருநாள் முடியாது என்று சொல்லும் வரைக்கும்.

போன வாரம் போன் செய்தாள். "ஆபரேஷனுக்கு அடுத்த மாசம் வரச் சொல்லிட்டாவட்டி. அதுக்கப்புறம் பைக்குல பின்னால ஒக்காரவே கூடாதாம், ஆயுசுக்கும்."

"இப்ப ஒக்காரலாமா?"

"இப்பவும் வேண்டாம்னுதாம் டாக்டரு சொல்லுதாரு. ஆனா ஆபரேஷனுக்கு அப்புறம் கூடாதுன்னு சொன்ன மாரி அழுத்திச் சொல்லல."

தொப்பூரைத் தாண்டத்தானே, காரில் கூட்டிப்போகலாமே என்றார் என் வீட்டுக்காரர். ரோசியிடம் சொன்னேன். "கார்ல போனா ஆஸ்பத்திரிக்குப் போற மாரி இருக்கும், போட்டி" என்று போனை வைத்துவிட்டாள். அன்று இரவு எனக்குப் பொட்டுத் தூக்கமில்லை.

இப்போது புரிகிறதா, நான் ஏன் பின்சீட்டை மட்டும் அமுக்கிக்கொண்டிருந்தேன் என்று? மூன்று வண்டிகள் பார்த்தேன். முதல் வண்டி தாழ்வானது, எருமைக் கனம். உட்கார்ந்ததும் இரண்டு காலும் தரையில் முழுசாகப் பதிந்தன. எனக்கென்றே செய்ததுபோல இருந்தது. பையன், "ஓட்டிப் பாருங்கக்கா" என்றான். "நீ ஓட்டு தம்பி, நான் பின்னால ஒக்காந்துக்கறேன்" என்றேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தெரிந்த பெண் யாராவது பார்த்துவிடப்போகிறாளே என்ற பயத்தோடுதான் பாகலூர் ரோட்டுக்கு ஓட்டினான். முதல் குழியிலேயே அடி நேராக நடுமுதுகில் இறங்கியது. எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது, ரோசிக்கு என்ன ஆகும்?

இரண்டாவது வண்டி வளைவுகளில் அம்பு மாதிரி போனது. தளி ரோட்டில் நானே ஓட்டினேன், இறங்க மனசில்லை. ஆனால் பின்சீட்டு என்று சொல்லி ஒரு போண்டாவை ஒட்டிவைத்திருந்தார்கள். அதைத் தைத்தவள் யாரோ, அவள் ஒருநாளும் அதில் உட்கார்ந்திருக்க மாட்டாள்.

மூன்றாவது மலைக்கும் காட்டுக்கும் போகிற உயர வண்டி. பின்சீட்டு அகலம், பஞ்சு நல்ல பஞ்சு, முழங்காலை எடுத்ததும் பள்ளம் மெதுவாக மேலே வந்தது. குழியில் விட்டாலும் லேசாக ஏறி இறங்கியது, அவ்வளவுதான். ஆனால் அதில் என் கால் தரைக்கு எட்டவில்லை. கட்டைவிரல்தான் தொட்டது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். பின்னால் ரோசியை வைத்துக்கொண்டு சாய்ந்தால்? எனக்குச் சௌகரியமான வண்டி அவளுக்கு வலி, அவளுக்குச் சௌகரியமான வண்டி எனக்குப் பயம். நின்றேன், நடந்தேன், மறுபடி ஏறினேன். பையன் எனக்கு இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்துவிட்டான்.

கடைசியில் ரோசியை ஆட்டோவில் வரச் சொன்னேன். வந்தாள், இடுப்பில் பட்டையோடு. உயர வண்டியைச் சுற்றிவந்து, சீட்டின் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்து, "இழுப்பு பத்தல. நான்னா இன்னும் ரெண்டு சுண்டு சுண்டிருப்பேன்" என்றாள். நானும் பையனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றினோம். ஹெல்மெட்டை மாட்டியதும் அவள் முகத்தில் பழைய ரோசி வந்து உட்கார்ந்தாள். "பைபாஸ் வரைக்கும் போயிட்டு திரும்பிடுங்கக்கா" என்றான் பையன்.

வண்டியை எங்கே விட்டேன் என்று நினைக்கிறீர்கள்? பழைய கம்பெனி இருந்த தெருவுக்கு. நீலக் கேட் இல்லை. ஷெட் இல்லை. அந்த இடத்தில் ஜன்னலே இல்லாத ஒரு பெரிய கிடங்கு, வெள்ளைத் தகரம் வெயிலில் கண்ணைக் குத்தியது. அந்த இரும்புச் சட்டத்தை எந்தப் பழைய இரும்புக்கடை எடைக்கு எடுத்துக்கொண்டதோ. வண்டியை ஓரமாக நிறுத்தி கட்டைவிரலில் நின்றேன். சாய்ந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. என் தோளைப் பிடித்திருந்த அவள் கை இறுகி இருந்தது.

"வலிக்குதா?"

"வலிக்கத்தாம் செய்யுது."

"திரும்பிடலாமா?"

என் பையில் போன் அடித்தது. ஷோரூம் பையனாகத்தான் இருக்கும். நான் கையை எடுத்துப் பைக்குள் விடப் போனேன். ரோசி தலையில் ஒரு குட்டு வைத்தாள், ஹெல்மெட் மேலேயே.

"சைரன் அடிச்சுதாட்டி?"

என்னை அறியாமல் நிமிர்ந்து பார்த்தேன். சைரன் கம்பம் நின்ற இடத்தில் வெறும் வானம்.

"இல்ல."

"அப்பொறம் எதுக்கு நிறுத்துன? சூளகிரின்னு சொல்லு. போ."