கரடியும் சோதிலிங்கமும்

“பிள்ளைக்குக் கரடியெண்டு ஆரும் பேர் வைப்பினமோ தம்பி? அப்ப அடுத்ததுக்கு நரியோ?”

ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் நின்று மருமகன் தோர்ஸ்ரனைப் பார்த்துக் குணேஸ்வரி சீறினாள். பியோர்ன் என்றால் கரடி என்று மகள் தேனுஜா அப்போதுதான் சொல்லியிருந்தாள்.

ஹனோவரில் ஒரு சலவைக்கூடத்தில் விரிப்பு மடித்தே வயது போனவள் குணேஸ்வரி. ஆருக்கும் பயந்து பேசிப் பழக்கமில்லை. 2004இல் புருஷன் சோதிலிங்கம் செத்துப்போய்விட்டார். இரண்டு வருடம் கழித்து வந்த இந்த ஆண்குழந்தைக்கு அவர் பேர்தான் என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள். இல்லாவிட்டால் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட இந்த நாட்டில் இனி ஒருத்தரும் இல்லை.

தோர்ஸ்ரனின் தாய் இங்றிட் டென்மார்க் எல்லைக்காரி. அவள் கோபிக்கவில்லை. அவள் சொன்னதைத் தேனுஜா தமிழில் சொன்னாள்.

“பியோர்ன் அவவின்ர அப்பாவாம். மீனுக்குப் போனவரைக் கடல் எடுத்திட்டுதாம். செத்தவரின்ர பேரைப் பிள்ளைக்கு வைச்சா அவர் திரும்பி வருவாரெண்டு இவையின்ர பழைய ஆக்கள் நம்பினவையாம்.”

 குணேஸ்வரி சொல்லக் காத்திருந்த நியாயத்தை இங்றிட் முந்திச் சொல்லிவிட்டாள்.

“அப்ப தோர்ஸ்ரன் எண்டா என்ன?”

“தோர் இடிச்சாமியம்மா. மிச்சம் கல்லு.”

“சாமியின்ர பேர் வைக்கிற சனந்தானே இவையும்! பிறகேன் குடும்பப் பேர் மட்டும் பீற்றர்சன்?”

“பீற்றர் கிறிஸ்தவ வேதம் வந்தாப்பிறகு வந்த பேராம். பீற்றரின்ர மகன் பீற்றர்சன். முந்தி ஒவ்வொரு தலைமுறைக்கும் தகப்பன்ர பேருக்கேத்தமாதிரி பின்பேர் மாறுமாம். பிறகு அரசாங்கம் மாத்தக்கூடாதெண்டு சட்டம் போட, அப்பிடியே நிண்டிட்டுதாம்.”

குணேஸ்வரி சிரித்துவிட்டாள். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கிய காலம் குடும்பப் பேர் கேட்ட அதிகாரிக்கு அப்படி ஒன்றில்லை என்று விளங்கவேயில்லை. புருஷனின் பேரையே அவளுக்கும், பிறகு தேனுஜாவுக்கும் பின்னால் ஒட்டிவிட்டார்கள். கலியாணம் முடித்தும் தேனுஜா அதை விடவில்லை.

“அப்ப என்ரை மனிசனும் நிண்டிட்டார்! பிள்ளை உங்கடை கரடியாவே இருக்கட்டும். பின்னுக்கு எங்கடை பேரைப் போடுங்கோ.”

தோர்ஸ்ரன் தாயைப் பார்த்தான். இங்றிட் தலையாட்டி ஏதோ சொன்னாள்.

“போடட்டாம்,” என்றாள் தேனுஜா. “பீற்றரை நினைச்சு அழ இப்ப ஆருமில்லையாம். அப்பாவை நினைச்சு அழ நீங்கள் இருக்கிறியளாம்.”

“நான் எங்கை அழுதனான்?” என்று மூக்கைத் துடைத்தாள் குணேஸ்வரி.

பியோர்ன் சோதிலிங்கம். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். மோசமில்லை.

ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போன இடத்தில், நகைக்காரனிடம் பிள்ளையின் கழுத்துக்குப் பஞ்சாயுதப் பதக்கம் செய்யச் சொன்னாள். சங்கு, சக்கரத்தோடு ஒரு கரடியும் வேண்டும் என்றாள்.

“கரடியோ அக்கா? ஆரும் கேக்கிறேல்லை.”

“நான் கேக்கிறன். பல்லுத் தெரியாமச் செய். பச்சைப்பிள்ளை போடுறது.”

பஞ்சாயுதம் தொண்ணூறு யூரோ. கரடிக்கு மேலதிகமாய் இருபது வாங்கிவிட்டான், பாவி.