ஜெட்டிக்கும் படகுக்கும் நடுவே

மூளையில் டோப்பமைன் சுரக்கும் நரம்பணுக்கள் தனியாக வேலை செய்வதில்லையாம். சுற்றி நின்று தாங்கும் துணையணுக்கள் அவற்றுக்கு ஊட்டுகின்றன, கழிவை அகற்றுகின்றன, வேண்டிய சரக்கை வாங்கிக் கைமாற்றுகின்றன. இதைப் படித்த அன்று, தூக்கியபடியே நின்றுபோன அப்பாவின் வலது கால் கண்முன் வந்தது.

எழுபதுகளின் கடைசி. கடல் நடுத் தீவில், மின்னி பே என்ற கரையோரத்தில் குடியிருந்தோம். அப்பாவுக்குப் பயணிகள் படகில் கயிறு கட்டும் வேலை. கை நடுங்கியது, நடை சுருங்கியது. "காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டாரு" என்று படகு அணையும் மேடையான ஜெட்டியில் சிரித்தார்கள். உடல் அசைவுக்கு வேண்டிய டோப்பமைன் மூளையில் குறைந்துபோன நோய் என்றார் டாக்டர். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் மாத்திரை வந்தது. முதல் வாரம் அப்பா ஏறக்குறைய ஓடினார்.

மருந்து சூடு, வெறும் வயிறு ஆகாது என்று அம்மா ஒவ்வொரு மாத்திரையோடும் மீன் வைத்தாள். காய்கறி கப்பலோடு வரும், இரண்டு நாளில் தீரும். மீன்தான் எங்கள் தெம்பு. நடை மறுபடி குறைந்தது. மீன் துண்டு கூடியது.

ஒருநாள் மதியம் சோறு கொண்டுபோய் அவரோடு படகிலேயே இருந்தேன். மீனும் மாத்திரையும் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் படகு ஜெட்டியை நெருங்கியது. கயிற்றோடு தாவக் காலைத் தூக்கினார். தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது.

"அப்பா, கால வைங்க!"

"நானும் அதத்தாம்மா சொல்றேன். அது ஸ்டிரைக் பண்ணுது."

கீழே கறுத்த தண்ணீர். அலை படகை விலக்கியது. இடைவெளி வாய் திறந்தது. அவர் பெல்ட்டை இறுக்கிப் பிடித்தேன். என் பலம் எம்மாத்திரம்!

"அரே அண்ணா, க்யா சோச் ரஹே ஹோ?" என்ன யோசனை என்று கேலியாகக் கத்திய, படகில் கூட வேலைபார்த்த வங்காளி மாமா, அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் பாய்ந்து பின்னால் இழுத்தார். மறு அலையில் படகு ஜெட்டியில் மோதியது. கால் இருந்த இடத்தில்.

"மாத்திரைய எதோட குடுக்கிறீங்க?" என்று அன்று சாயங்காலம் அம்மாவிடம் கேட்டார் டாக்டர்.

"மீனோடதான். நல்லா மூணு துண்டு."

"மீனோட சத்தும் மாத்திரையும் ஒரே வாசல் வழியாத்தான் ரத்தத்துக்குள்ள போகணும்மா. மீன் முந்திக்குது. மாத்திரை வெளியவே நிக்குது."

அம்மா, "அப்போ நானேதான் அவர அங்க நிறுத்தினேனா?" என்றாள்.

மறுநாள் வெறும் வயிற்றில் மாத்திரை. மீன் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போனது. அம்மாவும் ஜெட்டிக்கு வந்து எதிரே கைநீட்டி நின்றாள். படகில் அப்பாவுக்கு ஒரு பக்கம் மாமா, ஒரு பக்கம் நான். காலைத் தூக்கினார். நான் அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன்.

பாதம் சிமெண்டில் பட்டது. யாரும் கையை எடுக்கவில்லை.