மஞ்சள் தடவிய கடிதங்கள்

விற்பனைக்கு வராத பழுதான வீடுகளின் சொந்தக்காரருக்குக் கடிதம் போட்டால் மலிவாகக் கிடைக்கும் என்று எங்கோ வாசித்துவிட்டு, புறநகரான ரொக்ஸ்பரோவில் கூரை சரிந்த வீடுகளுக்கெல்லாம் பிரெஞ்சில் எழுதினேன். நல்ல காரியம் என்று மனைவி ஒவ்வொரு கடிதத்தின் மூலையிலும் மஞ்சள் தடவினாள்.

ஒரேயொரு கிழவி வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டாள். வாசலிலேயே பிரெஞ்சில் கேட்டாள்: “சாப்பிட்டுக்கொண்டா எழுதினாய்? வீடு வாங்கி விற்கும் கம்பெனிக்காரர் இப்படி அழுக்காக எழுத மாட்டார்கள். குடியிருக்க வருகிறவன் என்று நினைத்தேன்.” மங்கலத்தை விளக்க என் பிரெஞ்சு போதாது. தலையாட்டினேன்.

உள்ளே ஒழுகும் கூரை, ஊதிப்போன தரை. விலையைக் குறைக்க வேண்டிய எல்லாம் இருந்தன.

“இஞ்சேருங்கோ, ஒண்டையும் புகழாதேங்கோ. பேந்து விலை ஏத்திப்போடுவா,” என்று கூட வந்திருந்த மனைவி காதுக்குள் சொன்னாள்.

கிழவி பின்கதவைத் திறந்தாள். புல்வெளி முடியும் இடத்தில் ஆறு. பனி உடைந்து, அறையளவு பாளங்கள் முனகியபடி போய்க்கொண்டிருந்தன. பார்க் எக்ஸ்டென்ஷன் அடுக்குமாடியில் இத்தனை வருடம் பக்கத்துக் கட்டடத்தின் செங்கல்லைப் பார்த்தே தேநீர் குடித்தவன், விலையை மறந்து படியிறங்கினேன். திரும்பினால், மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

கிழவி அவளையே பார்த்தாள். பிறகு விலையைச் சொன்னாள்.

“ஓம்,” என்றேன், பேரம் பேசாமலே, தமிழில்.