எடுக்காமல் விட்ட நான்கு அளவுகள்

“எங்கடா போய்த் தொலைஞ்ச?” என்ற குரலில்தான் அவரைப் பற்றிய என் நினைவு தொடங்குகிறது. வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில், தரைக்குக் கீழே இரண்டாம் தளத்தில், வேலைக்குச் சேர்ந்த மறுநாள் காலை அதைக் கேட்டேன். லேசர் மேசைக்குப் பின்னால் ஒரு பெண் குனிந்து நின்றிருந்தார். கையில் சின்ன அட்டை. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி அட்டையில் பட்டால் மட்டும் ஆரஞ்சுப் பொட்டாகத் தெரியும். அந்தப் பொட்டைத்தான் கண்ணாடிகளுக்கு நடுவே தேடித் திட்டிக்கொண்டிருந்தார். நான் தொண்டையைச் செருமி, “எந்த ஊருங்க நீங்க?” என்றேன். நிமிர்ந்து பார்த்தார். “மரக்காணம். நீ?” “பெருமுக்கல் பக்கங்க.” அவர் அட்டையை மேசையில் போட்டுவிட்டுச் சிரித்தார். “இம்மாந்தூரம் வந்து பக்கத்து ஊர்க்காரன் மூஞ்சியிலயா முழிக்கணும்? வா, அந்தக் கண்ணாடியைப் புடி.” அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா. என்னைவிட நான்கு வயது மூத்தவர். ஒரே வேலை, ஒரே மேசை, ஒரே ஷிஃப்ட் என்று ஆறு வருடம் போனது.

அக்காவின் அப்பா உப்பளத்தில் கூலிக்கு இருந்து, பிறகு கொஞ்சம் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்தவர். தினமும் மதியம் அவருக்கு அக்கா போன் செய்வார். அங்கே அப்போது உப்பு வாரி முடித்துக் கரையேறியிருப்பார்கள். நீ அங்கே என்னதாம்மா செய்கிறாய் என்று அவர் ஒருமுறை கேட்டதற்கு அக்கா சொன்ன பதில் எனக்கு இன்னும் அப்படியே காதில் இருக்கிறது. “அப்பா, ஒருத்தன் இருக்கான். அவனை நேரா பார்க்க முடியாது. கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள செத்துப் போயிடுவான். ஆனா ஈரமண்ணுல சைக்கிள் ஓட்டிட்டுப் போறான்னு வெச்சிக்க. சக்கரம் பதிஞ்ச தடத்தைப் பார்த்தா ஆளு ஒல்லியா குண்டான்னு சொல்லிடலாம் இல்ல? அதான் எங்க வேலை.” பாடப்புத்தகங்களில் நான் படித்த எதையும்விட அது சரியான விளக்கம். எங்கள் அணுக்கருக்கள் இயற்கையில் கிடையாது. முடுக்கியிலிருந்து வரும் புரோட்டான்களைக் கொதிக்கும் இலக்கு ஒன்றில் மோதவிட்டு அவற்றை உண்டாக்குவார்கள். உண்டான நொடிக்குள் சிதைந்துவிடும். கருவை எந்தக் கருவியாலும் நேரில் பார்க்க முடியாது. ஆனால் அதைச் சுற்றும் எலக்ட்ரான்களுக்கு அது தெரியும். கரு மயிரிழை பெருத்தாலும் அந்த அணு உறிஞ்சும் ஒளியின் நிறம் கொஞ்சம் இடம் மாறும். லேசரின் நிறத்தைத் துளித்துளியாக நகர்த்தி, அணு எந்த இடத்தில் ஒளிர்கிறது என்று பார்த்தால், செத்துக்கொண்டிருக்கும் அந்தக் கருவின் பருமனைச் சொல்லிவிடலாம்.

சொல்வது எளிது. நாங்கள் தேடிய கரு ஒரு நொடிக்கு விரல்விட்டு எண்ணும் அளவே வந்தது. முடுக்கியின் புரோட்டான் கற்றை எங்களுக்கு ஐந்து நாள்தான் கிடைக்கும், அதற்கு மூன்று வருடம் காத்திருந்தோம். அந்த மூன்று வருடமும் அக்கா ஊருக்குப் போகவில்லை. தம்பி கல்யாணத்துக்கும் போகவில்லை. கல்யாண வீடியோவை லேசர் மேசையில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தார், ஒரு கையில் திருப்புளியோடு.

அந்த ஐந்து நாளும் கடும் கோடை. மூன்றாம் நாள் கட்டடத்தின் குளிர்சாதனம் நின்றுபோனது. நான்காம் நாள் இலக்கு பழுதானது. மாற்றி முடிப்பதற்குள் மீதியிருந்த எங்கள் நேரத்தில் பெரும்பகுதி போய்விட்டது. ஐந்தாம் நாள் காலை அக்கா இருபது மணி நேரம் விழித்திருந்த கண்களோடு என்னிடம் வந்தார். “நான் கொஞ்சம் படுக்கறேன்பா. ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா ரெஃபரன்ஸ் எடுத்துடு. ரூம் சூடாவுது, மறந்துடாதே.” ரெஃபரன்ஸ் என்றால், நன்றாகத் தெரிந்த, சிதையாத ஐசோடோப்பு ஒன்றை இடையிடையே அளந்து பார்ப்பது. லேசரின் நிறத்தை அளக்கும் எங்கள் அலைநீளக் கருவி அறையின் சூட்டுக்கு ஏற்ப மெல்ல நகரும். ரெஃபரன்ஸ் இல்லாமல் எடுத்த அளவு, நீள்கிறதா சுருங்குகிறதா என்று தெரியாத அளவுகோலால் அளந்தது போல.

ஒவ்வொரு ரெஃபரன்ஸும் அரைமணி நேரத்தைத் தின்னும். திரையில் புள்ளிகள் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தன, அணு ஒளிரும் இடம் என்று சொல்லும்படி மேடு போல ஏதோ தெரிந்தது, அது மேடா இல்லையா என்று சொல்ல இன்னும் எண்ணிக்கை வேண்டும். நான்கு மணி நேரத்தில் கற்றையை நிறுத்திவிடுவார்கள். முதல் மணி முடிந்தபோது, அடுத்த மணிக்குச் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த மணியிலும் அதையே நினைத்தேன். இப்படி நான்கையும் விட்டேன். பதிவேட்டில் மணிக்கு ஒரு வரியாக நான்கு வரி எழுதினேன்: “ரெஃபரன்ஸ் சரிபார்க்கப்பட்டது, மாற்றமில்லை.” அந்த வரிகளைப் பிற்பாடு எத்தனையோ முறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். நல்ல கையெழுத்தாகத்தான் இருக்கிறது.

மதியம் அக்கா எழுந்து வந்தபோது திரையில் மேடு தெளிவாக நின்றது. அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார், உட்காரவில்லை. பிறகு அப்பாவுக்குப் போன் செய்தார். “அப்பா, கெடச்சிடுச்சி.” அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் எனக்கே கேட்டது: “நல்லதும்மா. சாப்ட்டியா?”

கட்டுரை வெளிவந்தது. முதல் பெயர் அக்காவுடையது. நாங்கள் அளந்த கரு, இருக்க வேண்டியதைவிடப் பருமனாக இருந்தது. கோட்பாட்டுக்காரர்கள் அதற்குக் காரணம் கண்டுபிடித்து எழுதத் தொடங்கினார்கள். அக்காவை அங்கங்கே பேசக் கூப்பிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் நிரந்தர வேலை ஒன்று காலியானது, அது அவருக்குத்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நேர்காணலுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அந்தக் காலத்தில் எனக்கும் ஒரு மாதிரி நம்பிக்கை வந்திருந்தது. கருவி நகர்ந்திருக்காது, விட்டது விட்டதாக இருந்தாலும் விடை சரியாகவே இருக்கும் என்று நம்பத் தொடங்கியிருந்தேன்.

அடுத்த கட்டுரைக்காகப் பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார் அக்கா. யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஒருநாள் காபிக் கோப்பையோடு என் மேசைக்கு வந்தார்.

“கடைசி ஷிஃப்ட்ல ரெஃபரன்ஸ் எடுத்த இல்ல?”

“எடுத்தேன்க்கா. லாக்ல எழுதியிருக்கேனே.”

“லாக்ல இருக்குது. ஃபைலு இல்லியேப்பா.”

“சேவ் ஆவாம போயிருக்கும்க்கா. அன்னிக்கு கம்ப்யூட்டர் ரெண்டு தடவ நின்னுச்சி.”

கம்ப்யூட்டர் நிற்கவே இல்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோபமில்லை. ஏதோ சொல்ல வருகிறேனோ என்று காத்திருப்பவர் போல நின்றார். பிறகு கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஏறக்குறைய இரண்டு வாரம் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அந்த இரண்டு வாரமும் எப்போதும் போல மதியம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார், எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார், ஊர்க்கதை பேசினார். நானும் பேசினேன்.

அறையின் வெப்பநிலைப் பதிவை வைத்து அவர் திரும்பக் கணக்குப் போட்டிருந்தார். கருவி நகர்ந்திருந்தது. எவ்வளவு என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நாங்கள் கண்டதாகச் சொன்ன கூடுதல் பருமன் முழுவதும் அந்த நகர்வுக்குள் அடங்கிவிடும். குழுத் தலைவரிடம் போய்ச் சொன்னார். நேர்காணல் முடியட்டும், அவசரமென்ன என்றாராம் அவர். அக்கா மறுநாளே கட்டுரையைத் திரும்பப் பெற ஆய்விதழுக்குக் கடிதம் எழுதினார். அனுப்புவதற்கு முன் எங்கள் எல்லாருக்கும் நகல் வந்தது. “அளவைப் பகுத்தவள் நான், மூலக் கோப்புகளைச் சரிபார்க்காமல் முடிவை வெளியிட்டது என் தவறு” என்று எழுதியிருந்தார். பதிவேட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் அதைப் படித்துவிட்டு, “படித்தேன், சம்மதம்” என்று ஒரு வரி பதில் அனுப்பினேன்.

வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. ஒப்பந்தத்தையும் நீட்டிக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தால் விசாவும் முடியும். வேறு நான்கைந்து இடங்களில் கேட்டுப் பார்த்தார். எல்லாரும் மரியாதையாகப் பதில் போட்டார்கள். விமான நிலையத்துக்கு நான்தான் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனேன். “ஒழுங்கா சாப்டு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஒன்றரை வருடம் கழித்து அந்த நிரந்தர வேலையைத் திரும்ப அறிவித்தார்கள். எனக்குக் கொடுத்தார்கள். இன்றைக்கும் அதில்தான் இருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஊருக்கு வந்தபோது மரக்காணம் போனேன். அதற்கு முன்னும் ஊருக்கு வந்திருக்கிறேன். மரக்காணம் வழியாகவே புதுச்சேரிக்குப் போயிருக்கிறேன். இறங்கியதில்லை. அக்கா சில வருடம் தனியார் கல்லூரி ஒன்றில் பாடம் எடுத்திருந்தார். மாணவர்கள் குறைந்து அந்தத் துறையை மூடிவிட்டார்கள். அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட, பாத்திகளை அவர்தான் பார்த்துக்கொள்கிறார் என்று தெரிந்தது. நான் போனதற்கு முந்தைய நாள், கோடையில் வரக்கூடாத மழை ஒன்று வந்து கொட்டியிருந்தது. இரண்டு நாளில் வாரியிருக்க வேண்டிய உப்பு அத்தனையும் பாத்திக்குள்ளேயே கரைந்து போயிருந்தது. கணுக்கால் தண்ணீரில் வரப்போரமாக நின்றிருந்தார். தலையில் துண்டு, மேலே ஆண்கள் சட்டை. என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. “வாப்பா. வந்த நேரத்தைப் பாரு. முந்தாநேத்து வந்திருந்தா உப்பாச்சும் பார்த்திருப்ப.”

சாலையோரக் கடையில் டீ வாங்கிக் கொடுத்தார். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். நான்கும் எடுக்கவில்லை என்றேன். எடுத்ததாக எழுதினேன், உங்களிடம் பொய் சொன்னேன் என்றேன். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“தெரியும்பா” என்றார்.

“அப்பவே தெரியுமாக்கா?”

“ஃபைலு இல்லன்னப்பவே தெரியும். நீ வந்து சொல்லுவேன்னு பார்த்தேன். ரெண்டு வாரம் பார்த்தேன். அப்புறம் லெட்டர் எழுதிட்டேன்.”

“உங்க தப்புன்னு ஏங்க்கா எழுதினீங்க?”

“ஃபைலைத் தொறந்து பார்க்காதது என் தப்புதானே. அதுல பொய்யி இல்ல. உன் பொய்யை நான் எதுக்குச் சொல்லணும்? அது நீ சொல்ல வேண்டியது.”

அப்போது நான் கேட்டேன், “இப்ப எழுதட்டுமாக்கா, அந்த ஜர்னலுக்கு?” கேட்கும்போதே பதிலைத் தெரிந்து வைத்திருந்தேன். விடுப்பா, அதெல்லாம் முடிஞ்சி போச்சு என்பார், நான் அழுதாலும் அழுவேன், அந்த மன்னிப்போடு பஸ் ஏறிவிடலாம். அதற்காகத்தான் அத்தனை தூரம் வந்திருந்தேன் என்பது அவர் வாயைத் திறந்த பிறகுதான் எனக்கே புரிந்தது.

“எழுது” என்றார்.

நான் ஆறிப்போன டீயைக் குடிக்கத் தொடங்கினேன்.

“என்னா, வேணாம்னு சொல்லுவேன்னு நெனச்சிட்டு வந்தியா? எழுதுப்பா. அதால எனக்கு வேலை ஒண்ணும் கெடைக்காது, அது தெரியும். எனக்கும் வயசு நாப்பத்தாறு ஆவுது. ஆனா அங்க இன்னிக்கும் என் பேரைச் சொன்னா, ஆ, அந்த அவசரக்காரிதானேன்றாங்க. போன வருசம் ஒருத்தர் புதுச்சேரிக்கு வந்தப்ப என் மூஞ்சிக்கு நேராவே கேட்டாரு. நான் அவசரக்காரி இல்ல. என் வாழ்க்கையில அவசரப்பட்டு நான் ஒண்ணும் பண்ணதில்ல.” குரல் உயரவில்லை. டீ கிளாஸைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, தண்ணீர் இறைக்க மோட்டாரைப் போட வேண்டும் என்று கிளம்பினார். “எழுதிட்டு ஒரு வார்த்தை சொல்லு” என்றார்.

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி வந்து கடிதம் எழுதினேன். பத்து வரிதான். எத்தனை முறை திருத்தினாலும் பத்து வரிக்கு மேல் போகவில்லை, அவ்வளவு எளிமையான விஷயம். அனுப்பவில்லை. என்னிடம் மூன்று மாணவர்கள் ஆய்வு செய்கிறார்கள், அவர்கள் முடிக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு அந்தக் கருவை மறுபடி அளக்க எங்களுக்குக் கற்றை நேரம் கிடைத்தது, அது முடியட்டும் என்றேன். அளந்தோம். ஒவ்வொரு மணிக்கும் ரெஃபரன்ஸ் எடுக்கவைத்தேன், பக்கத்திலேயே நின்றேன். கரு, இருக்க வேண்டிய பருமனில்தான் இருந்தது. விசேஷமாக எதுவும் இல்லை. அதைப் பற்றிய புதிய கட்டுரையின் முதல் பத்தியில், முன்பு வெளியான அளவு தவறென்று திரும்பப் பெறப்பட்டது என்று ஒரு வாக்கியம் வரும். அதற்கு மேற்கோளாக அக்காவின் பெயர் இருக்கிறது. அந்த வாக்கியத்தை எழுதியது நான்தான்.

கட்டுரை வெளிவந்த வாரம் அக்காவிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. “பேப்பர் பார்த்தேன். நல்லா பண்ணியிருக்கீங்க.” நான் பதில் போடவில்லை. அத்தனை வருடத்தில் அவர் என்னை ஒருநாளும் நீங்க என்று சொன்னதில்லை.

அக்கா மரக்காணத்தில்தான் இருக்கிறார். இந்த வருடம் மழை தள்ளிப்போனதால் உப்பு நன்றாக விளைந்திருக்கிறது என்று ஊரிலிருந்து சொன்னார்கள். அப்பா பேச்சில்லாமல் படுத்திருக்கிறாராம். இதையெல்லாம் இங்கே எழுதியதால் மனம் லேசாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை. எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். ஆய்வுக்கூடத்தின் பெயர் இதில் எங்கும் இல்லை. அந்தத் தனிமம் எது, எந்த ஐசோடோப்பு என்பது இல்லை. அவர் பெயர் இல்லை, என் பெயரும் இல்லை. இதைப் படிக்கும் யாரும் அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்து, அவசரப்பட்டது அவர் அல்ல என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. பார்த்துப் பார்த்துத்தான் அப்படி எழுதியிருக்கிறேன்.