மூச்சை எண்ணும் பால்காரர்

சேக்காட்டில் எங்களுக்குப் பால் ஊற்றுபவர், காதில் பீடி செருகிய ஒல்லி மனிதர். கறப்பதற்கு முன் மாட்டின் விலாவைப் பார்த்து மூச்சை எண்ணுவார்.

மே மாதம் பால் நீர்த்துப்போகவே, தண்ணீர் கலக்கிறார் என்று முடிவுகட்டி, அவரை நிறுத்திவிடக் கிளம்பிப் போனேன். அவர் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு என் கண்ணெதிரே கறந்தார். அப்போதும் பால் அப்படியேதான் இருந்தது.

"வெயில்ல மாடு சரியா துன்ன மாட்டேங்குது சார். துன்ற கொஞ்சமும் மூச்சு வாங்கியே தீந்துபூடுது. பாலுக்கு இன்னா மிஞ்சும்?"

"நானும்தான் மாடியேறினா மூச்சு வாங்குறேன். என் தொப்பை கரையலையே?"

"நீங்க துன்றத நிறுத்தலையே சார்!"

சொல்லிவிட்டு என் விலாவைப் பார்த்து எண்ண ஆரம்பித்தார்.

இன்றும் அவரிடமே பால் வாங்குகிறேன். அன்று என் மூச்சு எத்தனை வந்தது என்று கேட்டால் மட்டும், மாட்டையும் என்னையும் மாறிமாறிப் பார்க்கிறார்.