இரண்டு ஊர் பார்த்தவர்

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் சலூனில் வெளிநாட்டுப் பேச்சு வந்தால், கடைசித் தீர்ப்பு இளையபெருமாளுடையதுதான். சும்மாவா? தொண்ணூற்றாறிலிருந்து இரண்டு வருடம் சிங்கப்பூர், இரண்டாயிரத்திலிருந்து மூன்று வருடம் துபாய். கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற சென்ட்ரிங் வேலை. இரண்டு ஊரையும் எதிரெதிரே நிறுத்திப் பேசுவார். சிங்கப்பூரில் மழைக்குக் குறைவில்லை, தெருவில் குப்பை கிடையாது, ஞாயிற்றுக்கிழமை நம்ம ஆட்கள் கூடுகிற தேக்கா கடைத்தெருப் பக்கம் போனால் பாதி ஜெயங்கொண்டத்தை அங்கே பார்க்கலாம். ஆனால் கெடுபிடி ஜாஸ்தி, எச்சில் துப்பினாலும் அபராதம். துபாயில் வெயில்தான், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்த ரோடும் கடலும் விளக்கும் எங்கே கிடைக்கும்? குடியிருக்கணும் என்றால் துபாய்தான் என்று முடிப்பார். முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருப்பவன்கூடத் தலையாட்டுவான்.

அத்தனையும் புளுகு. சிங்கப்பூரை அவர் லாரியின் பின்பக்கத்திலிருந்து பார்த்தார். ஆட்களைப் பின்னால் பார்த்து உட்கார வைத்து ஏற்றிப் போவார்கள். எந்தக் கட்டடமும் தாண்டிப் போன பிறகுதான் கண்ணில் படும். துபாயில் அதுவும் இல்லை. விடிவதற்கு முன் கம்பெனி பஸ், இருட்டிய பிறகு கேம்ப், ஒரு அறையில் எட்டுப் பேர், குழாயைத் திறந்தால் கொதிக்கிற தண்ணீர். மூன்று வருடத்தில் கடலை இரண்டு தரம் பார்த்தார். கேம்ப் வாசலில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு போட்டோக்காரன் வருவான். உயரமான கட்டடம், நீரூற்று, ஈச்சமரம் எல்லாம் வரைந்த பெரிய துணியைச் சுவரில் தொங்கவிடுவான். துணியின் இடது மூலை கிழிந்து, கறுப்பு நூலால் தைத்திருக்கும். போட்டுக்கொள்ள ஒரு நீலக் கோட்டும் அவனே தருவான். அப்படி எடுத்த போட்டோதான் இளையபெருமாள் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது.

ஏன் புளுகினார்? திரும்பி வந்தவன் பெட்டி பிரிக்கிற அன்றைக்கு எங்கள் பக்கத்தில் தெருவே வாசலில் கூடிவிடும். சோப்பு, கோடாலித் தைலம், டார்ச் லைட் என்று ஆளுக்கொன்று கொடுத்தாக வேண்டும். கூடவே ஊரைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். அத்தனை முகங்களும் ஆவலாகப் பார்க்கும்போது, கக்கூஸுக்கு வரிசையில் நின்ற கதையை எவன் சொல்வான்? மானம் என்று ஒன்று இருக்கிறதே. மனைவி அம்சவள்ளியிடம்கூட அவர் சொல்லவில்லை.

அவர் துபாய்ப் பெட்டியைப் பிரித்த அன்றைக்குக் கூடிய கூட்டத்தில் அவருடைய அக்கா பொன்னம்மாளின் மூத்த மகன் மணிவேலும் இருந்தான். அடுத்த வருடம் சிங்கப்பூருக்கு வந்த வாய்ப்பை வேண்டாம் என்றுவிட்டு, மாமன் பேச்சை நம்பித் துபாய்க்குப் போனான். இரண்டாயிரத்தைந்து ஜூலையில் ஒரு நாள் வேலை முடித்துப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. தூக்கத்தில் நெஞ்சு நின்றுவிட்டது என்று காகிதம் வந்தது. பதினெட்டு நாள் கழித்து உடம்பு வந்தது. பெட்டியை, லீவில் வந்த சிறுவாச்சூர் நல்லதம்பி ஒரு மாதம் கழித்துக் கொண்டுவந்து கொடுத்தான்.

அந்தப் பெட்டியையும் பிரிக்கத்தான் வேண்டியிருந்தது. தெரு கூடவில்லை. பொன்னம்மாள், இளைய மகன் ஜெயப்பிரகாஷ், இளையபெருமாள், மூன்று பேர்தான். சோப்பு இருந்தது, தைலம் இருந்தது, அம்மாவுக்கு ஒரு ஊதாப் புடவை இருந்தது. புடவை மடிப்பில் ஒரு போட்டோ. நீலக் கோட்டில் மணிவேல், பின்னால் நீரூற்று. இடது மூலையில் கறுப்புத் தையல்.

பொன்னம்மாள் போட்டோவை விரலால் தடவினாள்.

"இந்த ஊருலதான் இருந்தானா தம்பி? நல்லா இருந்தானா?"

துணி என்று சொல்ல வாய் வரை வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"நல்ல ஊருக்கா. ராசா மாதிரி இருந்தான்."

பாவி மனுசன், அத்தோடு விட்டிருக்கலாம். நீரூற்றுப் பக்கம் சாயங்காலம் காற்று வாங்கப் போவார்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். அவள் அழுதாள். ஒரு மாதமாக அழுத அழுகை இல்லை அது, கொஞ்சம் ஆறிய அழுகை. அவருக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

நாலு நாள்தான் அந்த நிம்மதி. ஜெயப்பிரகாஷ் ஏற்கெனவே பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தான். அண்ணன் செத்ததிலிருந்து, எந்த நாடும் வேண்டாம் என்று பொன்னம்மாள் அவனைப் பிடித்து வைத்திருந்தாள். இப்போது அவளே மாறிவிட்டாள். சாவு இங்கே இருந்தாலும் வந்திருக்கும், அதற்கு ஊர் என்ன செய்யும், அவன் நல்லபடியாக இருந்த ஊருக்கே இவனும் போகட்டும் என்றாளாம். அதே ஏஜென்ட், அதே கம்பெனி.

இளையபெருமாள் பதறிப்போய் அவனை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார். பஸ், எட்டுப் பேர் அறை, கொதிக்கிற தண்ணீர், துணி எல்லாவற்றையும் கொட்டினார். வாழ்க்கையில் முதல் தடவை. அவன் நம்பவில்லை. ஊரெல்லாம் புகழ்ந்துவிட்டு, தான் போகும்போது மட்டும் இப்படிப் பேசுவதில் ஏதோ இருக்கிறது என்று முகத்துக்கு நேராகச் சொன்னான். பிறகு கொஞ்சம் தணிந்தான்.

"அம்மாகிட்ட வந்து இதயே சொல்லுங்க மாமா. சொல்லிட்டீங்கன்னா நான் போவல."

நியாயமான பேச்சு. மறுநாள் காலையில் அவர் அக்கா வீட்டு வாசல் வரை போனார். போட்டோவுக்குச் சட்டம் போட்டு, சாமந்தி மாலை போட்டு மாட்டியிருந்தாள். பக்கத்து வீட்டுப் பாப்பாயிக்கு அந்த நீரூற்றைக் காட்டி, சாயங்காலம் புள்ள இங்கதான் காத்து வாங்கப் போவானாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் செருப்பைக் கழற்றாமல் நின்றார். அப்படியே திரும்பி வந்துவிட்டார்.

இரண்டாயிரத்தாறு பங்குனியில் ஜெயப்பிரகாஷ் போனான். இளையபெருமாள் சலூனுக்குப் போவதை நிறுத்தினார். முடி வெட்டப் பாடாலூர் வரைக்கும் பஸ் ஏறிப் போனார். யாராவது எந்த ஊர் நல்லது என்று கேட்டால், எனக்கு என்ன தெரியும் என்றார். ஆளுக்குத் திமிர் ஏறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

மறு வருடம் தை மாதம் பொன்னம்மாள் ஒரு கவரோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா தம்பி, அண்ணன் நின்ன எடத்தத் தேடிப் போயி நின்னுருக்கான்."

அதே நீலக் கோட்டு. தோளில் தொங்கியது, பையன் அவ்வளவு இளைத்திருந்தான். கட்டடம், நீரூற்று, ஈச்சமரம். மூலையில் கறுப்புத் தையலுக்குப் பக்கத்தில் புதிதாக இன்னொரு கிழிசல்.

"நீயும் அங்கதான நின்ன?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா."

"ஒன்னோடதயும் குடு. மூணையும் எங்க வூட்டுல ஒண்ணா மாட்டுறேன்."

இளையபெருமாள் எழுந்து ஆணியிலிருந்து படத்தைக் கழற்றினார். தோள்துண்டால் கண்ணாடியைத் துடைத்து அக்கா கையில் கொடுத்தார்.